காளியண்ணன் காடிக்கு வந்த குளிரு

“இல்ல இல்ல, காடி நல்லாத்தான் இருக்கு. விடிகாலக் குளிருக்குக் கொஞ்சம் சோம்பல் படும், அவ்வளவுதான். பத்து நிமிசம் கொடுத்தா எழுந்துக்கும். அதுக்காக அதப் பழசுன்னு சொல்லிட முடியுமா?”

காளியண்ணன் இப்படிச் சொன்னதும் அப்பளசாமி கையில கரண்டியோட நின்னாரு. அவரு கேட்டது, “அண்ணே, கோப்பிக்குச் சீனி போதுமா?”ன்னுதான்.

அம்பாங் பெச்சாவுல காளியண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீடு அப்பளசாமி. வீட்டு வாசல்லயே ரெண்டு பெஞ்சு போட்டு கோப்பிக்கடை நடத்துனாரு. அன்னிக்கு வியாழக்கெழம சாயந்தரம். டிசம்பர் மாசம். மலைப்பக்கமிருந்து காத்து ஈரமா எறங்கிக்கிட்டு இருந்துச்சு. காளியண்ணன் கழுத்துல துண்டச் சுத்திக்கிட்டு, தன்னோட வாசல்ல நிக்கிற பச்சை மோட்டார் காடியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

“காடியப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலயே அண்ணே.”

“நீ கேக்கல. ஆனா மனசுல நெனச்ச. ‘நாளைக்கு இவரு எப்படிடா பேத்தியக் கூட்டியாரப் போறாரு’ன்னு நெனச்சியா இல்லையா?”

“நெனச்சேன்தான்”னு அப்பளசாமி ஒத்துக்கிட்டாரு. “ஒரு மாசமா காலையில நான்தானே பின்னால நின்னு தள்ளுறேன். என் இடுப்பு நெனைக்காதா?”

விசயம் இதுதான். காளியண்ணனோட மகன் சேதுவுக்குப் பொண்ணு பொறந்து மூணு மாசம் ஆச்சு. தலப் பிரசவம் தாய் வீட்டுலதானே. மருமக ரமணி, அசாம் ஜாவா பக்கத்து ரப்பர் தோட்டத்துல அவ அப்பா வீட்டுல இருந்தா. மூணாம் மாசம் புருசன் வீட்டுக்காரங்க போயி, தாயையும் பிள்ளையையும் மொத மொதலா அழைச்சிட்டு வரணும். வெள்ளிக்கெழம காலையில நாள் குறிச்சாச்சு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பிள்ளை தாய் வீட்டு வாசப்படியத் தாண்டிக் கெளம்பிடணும். சேது மொத நாளே மோட்டார் சைக்கிள்ல மாமனார் வீட்டுக்குப் போயிட்டான். போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனான்.

“அப்பா, பத்து மணி வரைக்கும் பாப்போம். ஒங்க காடி மக்கர் பண்ணுச்சுன்னா கஷ்டப்படாதீங்க. மாமா காடியிலயே நாங்க வந்துடுறோம்.”

அந்த வார்த்தை காளியண்ணன் தொண்டையில மீன் முள்ளு மாதிரி நின்னுச்சு. மாமா காடி. மாமா காடியிலயே.

மாமான்னா சிவானந்தம். காளியண்ணனுக்குச் சம்மந்தி. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற பெரிய கிராணி. வெள்ளச் சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா. ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டாரு. யாரையும் நீன்னு சொல்லமாட்டாரு. அதுதான் காளியண்ணனுக்கு இன்னும் எரிச்சல். ஆளு கொஞ்சம் திமிரு புடிச்சவரா இருந்தா திட்டிட்டாவது ஆறுதல் பட்டுக்கலாம். இந்த மனுசன் அதுக்கும் எடம் கொடுக்கல.

அந்த கிராணி, பேத்தி பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முந்தி, அப்பப் புதுசா நம்ம நாட்டுலயே செஞ்சு வந்த சாகா காடி ஒண்ணு வாங்கிட்டாரு. சீட்டுல ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கல. பேத்தி ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தது அந்தக் காடியில. ஊசி போடப் போறது அந்தக் காடியில. முப்பதாம் நாளு கோயிலுக்குப் போனது அந்தக் காடியில. பொறந்து மூணு மாசத்துல அந்தப் பிள்ளை பாத்த ஒலகமெல்லாம் கிராணி காடி கண்ணாடி வழியாத்தான். காளியண்ணன் காடியில அது ஒரு தடவ கூட ஏறல.

பேத்தின்னா என்னன்னு பேத்தி எடுத்தவங்களுக்குத்தான் தெரியும். அது கொட்டாவி விட்டா அத நாலு பேருகிட்ட சொல்லணும். அது தும்முனா ஊரே நின்னு பாக்கணும். காளியண்ணன் மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம போயி அந்த முகத்தப் பாத்துட்டு வருவாரு. மத்த நாளெல்லாம் கிராணி பாப்பாரு. தெனம் பாப்பாரு. காலையிலயும் பாப்பாரு, சாயந்தரமும் பாப்பாரு. அத நெனச்சா காளியண்ணனுக்குச் சோறு எறங்காது.

காளியண்ணனும் சும்மா ஆளு இல்ல. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு தோட்டத்துக் கூலி லயத்துல பொறந்தவரு. பன்னெண்டு வயசுல புல்லு வெட்டப் போனாரு. அப்புறம் பொகைக் கொட்டாயில ரப்பர் சீட்டு அடுக்குனாரு. தோட்டத்து லோரி ரிப்பேர் ஆனா பக்கத்துல போயி நின்னுக்குவாரு. வேலைய மேற்பாக்குற மண்டோர் வெரட்டுனாலும் போகமாட்டாரு. பாத்துப் பாத்தே பழகி, இருபத்தஞ்சு வயசுல லோரி ஓட்டுனாரு. இப்ப கோல குபு பாருவுல கவர்மென்ட் லோரி டிரைவரு. ரோட்டுக்குக் கல்லு ஏத்துற வேலை.

அந்தப் பச்சைக் காடி ஒரு வெள்ளக்காரத் தொரையோடது. ஐம்பத்தெட்டாம் வருசத்துக் காடி. தொரை சீமைக்குத் திரும்பறப்ப அது ஓடாம கொட்டகையில கெடந்துச்சு. பின் சீட்டுல கோழி முட்டை போட்டு அடை காத்துக்கிட்டு இருந்துச்சு. “இத எடுத்துக்கவா தொரை?”ன்னு காளியண்ணன் கேட்டாரு. “ஓட வச்சா ஒனக்கு”ன்னாரு தொரை. மூணு மாசம், தெனம் சாயந்தரம், ஒவ்வொரு சாமானா கழட்டித் தொடச்சு மாட்டுனாரு. நாலாம் மாசம் லயத்து முன்னால அந்தக் காடி உறுமிக்கிட்டு வந்து நின்னப்ப, பொம்பளைங்க அடுப்புல இருக்கிறத விட்டுட்டு ஓடியாந்தாங்க. அதுலேருந்து பத்து வருசம், அந்த வட்டாரத்துல எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும் அந்தக் காடிதான். சாமந்தி மாலையக் கட்டிக்கிட்டு, ஹார்ன் அடிச்சுக்கிட்டு, காளியண்ணன் முன்னால நிமிந்து உக்காந்து ஓட்டுவாரு. மாப்பிள்ளையவிட அவரத்தான் எல்லாரும் பாப்பாங்க.

அப்படிப்பட்ட காடியப் பாத்து, “மாமா காடியிலயே வந்துடுறோம்”னு பெத்த பையன் சொல்லிட்டான்.

காடிக்குக் குளிர் வந்தது நவம்பர் மாசத்துல. அது வரைக்கும் ஒரு இழுப்புல எழுந்துக்கிட்ட காடி, மழை எறங்குனதும் மொறண்டு புடிச்சுச்சு. காலையில ஸ்டார்ட்டர் குமிழ இழுத்தா, “ம்ம்ம்… ம்ம்”னு நோயாளி மாதிரி முனகும். அப்புறம் ‘டொக்’குனு ஒரு சத்தம். அதோட சரி. மத்தியானம் வெயிலு ஏறுனா, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்துக்கும்.

மொதல்ல பேட்டரியச் சந்தேகப்பட்டாரு. கழட்டிக் கொண்டுபோயி சார்ஜ் போட்டாரு. சரியாகல. புதுசே வாங்கி வச்சாரு. அப்பவும் அதே முனகல். அப்புறம், ராத்திரி பனியில எஞ்சினு நனையுதுன்னு கோணிச் சாக்கு ரெண்டு போத்தி விட்டாரு. பொண்டாட்டி வேலம்மாவுக்குக்கூட அவரு கம்பளி போத்துனது இல்ல. அப்புறம், கெட்டி எண்ணெய எறக்கிட்டு இளகுன எண்ணெய ஊத்துனாரு. அப்புறம் பிளக்கு நாலையும் கழட்டி, வேலம்மாவோட தோசைக் கல்லுல போட்டுச் சூடு பண்ணுனாரு.

மறு நாளு, “தோசை பெட்ரோல் வாடை அடிக்குது! சாமி கும்புட்டு வச்ச கல்லு அது!”ன்னு வேலம்மா கத்துனா.

“பிளக்கு காஞ்சா காடி எழுந்துக்கும்டி.”

“காடி எழுந்துக்குச்சா?”

“இல்ல.”

“அப்ப என் கல்லு?”

காளியண்ணன் பிளக்கு நாலையும் அள்ளிக்கிட்டு வெளிய போயிட்டாரு.

கடைசியா வேலம்மாதான் காரணம் கண்டுபுடிச்சா. “இது பேட்டரியும் இல்ல, பிளக்கும் இல்ல. கண்ணு. கிராணி கண்ணு.”

அவ அப்படிச் சொல்றதுக்கு ஞாயம் இருந்துச்சு. அக்டோபர் மாசத்து ஆயுத பூசைக்கு, “சம்மந்தி, ஒங்க காடியையும் எங்க தோட்டத்துக் கோயிலுக்குக் கொண்டாங்க, பேத்தி இருக்கிற எடத்துல சேத்துப் பூசை போட்டுடலாம்”னு சிவானந்தம் கூப்புட்டிருந்தாரு. காளியண்ணன் உடனே சரின்னுட்டாரு. அப்புறம் வீட்டுக்கு வந்துதான் யோசிச்சாரு. கோயில் முன்னால வரிசையா நிக்க வைப்பாங்களே. டிராக்டரு, லோரி, மோட்டார் சைக்கிளு, அதுக்கு நடுவுல பளபளன்னு கிராணியோட சாகா. அது பக்கத்துல இந்த இருபத்தெட்டு வருசத்துப் பச்சை.

அன்னிக்கே ஒரு டின்னு சில்வர் பெயிண்ட் வாங்கிட்டு வந்தாரு. வெளியில பச்சை பச்சைதான், அத மாத்த முடியாது. உள்ளாற மாத்தலாமே. மூணு நாளு லீவு போட்டாரு. எஞ்சினச் சுத்தி இருக்கிற ஒவ்வொண்ணையும் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, சில்வர் அடிச்சு, காயவச்சு, மாட்டுனாரு. போல்ட்டு, பட்டை, கம்பி, எது கையில கெடச்சாலும் சில்வர். சமையக்கட்டுல வேலம்மா ஒரு எடத்துல நின்னா அவளுக்கும் ஒரு கோட்டு அடிச்சிருப்பாரு.

பூசையன்னிக்கு கோயில் முன்னால பானெட்டத் தொறந்து வச்சாரு. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். சனங்க வந்து எட்டிப் பாத்தாங்க. “அட, தேரு மாதிரி ஜொலிக்குது!”ன்னாங்க. சாகா பக்கம் அஞ்சு பேருன்னா, பச்சைக் காடி பக்கம் பதினஞ்சு பேரு. சிவானந்தமும் வந்து, கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, குனிஞ்சு, காடிக்கு அடியில வரைக்கும் ரொம்ப நேரம் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. பூசாரி பெரிய மாலைய சாகாவுக்குப் போட்டுட்டு, சின்ன மாலைய பச்சைக் காடிக்குப் போட்டாரு. அது மட்டும்தான் அன்னிக்குக் கொறை.

“அன்னிக்கு அவரு குனிஞ்சு பாத்த பார்வை இருக்கே, அதுதான் காடிய முடக்கிப் போட்டுச்சு”ன்னா வேலம்மா.

இதக் கேட்டதும் காளியண்ணனுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு ஆயிருச்சு. கிராணிக்கு, ரெண்டு பேனா கிராணிக்கு, என் காடி மேல பொறாமை! காடி ஓடலன்னா என்ன, இந்த ஒரு சேதி போதுமேன்னு ரெண்டு நாளு சிரிச்ச முகமா இருந்தாரு. பூசணிக்காய் ஒண்ணு வாங்கி, கற்பூரம் வச்சுச் சுத்தி, காடி முன்னால ஒடச்சாரு. எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்து முன்னால கட்டுனாரு. மறு நாளு காலையில காடி, “ம்ம்ம்… டொக்.”

அப்படியே வியாழக்கெழம வந்து நின்னுச்சு.

“அண்ணே, எதுக்குக் கவலை? நாளைக்கும் நான் தள்ளி விடுறேன்”னாரு அப்பளசாமி.

“இங்க நீ தள்ளுவ. அங்க? பேத்தியும் மருமகளும் உள்ள உக்காந்திருக்க, கிராணி வீட்டு வாசல்ல ‘டொக்’குன்னா? அங்க யாரு தள்ளுறது? அந்த வெள்ளச் சட்டையா?”

அப்பளசாமி யோசிச்சுப் பாத்தாரு. சிவானந்தம் பேனாவப் பாக்கெட்ல சொருகிக்கிட்டு, குனிஞ்சு, பச்சைக் காடியத் தள்ளுற மாதிரி. சிரிப்பு வந்துருச்சு. காளியண்ணன் மொறச்சதும் அடக்கிக்கிட்டாரு.

“நாளைக்கு என் காடி தானா எழுந்துக்கணும். இங்கயும் எழுந்துக்கணும், அங்கயும் எழுந்துக்கணும். என் பேத்தி என் காடியில வரணும். அவ்வளவுதான்”னு சொல்லிட்டு, கோப்பியக் குடிக்காமலே எழுந்து போயிட்டாரு.

வெள்ளிக்கெழம விடிகாலையில எழுந்து வெளியில வந்தா, எதுத்தாப்புல இருக்கிற வீடு தெரியல. பனி. தொட்டித் தண்ணிய அள்ளி மூஞ்சில அடிச்சா ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு. காளியண்ணன் கோணிச் சாக்க எடுத்தாரு. பானெட்டத் தொறந்தாரு. சில்வரு எஞ்சினு பனியில மினுமினுன்னு நின்னுச்சு. ஒரு கற்பூரம் காட்டிட்டு, குமிழ இழுத்தாரு.

“ம்ம்… டொக்.”

பேட்டரி முனையக் கழட்டி வெந்நி ஊத்தித் தொடச்சாரு. “ம்ம்… டொக்.” பிளக்கக் கழட்டுனாரு. வேலம்மா தோசைக் கல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால மறச்சுக்கிட்டா. அதனால துணியில வச்சுத் தேச்சு மாட்டுனாரு. “ம்ம்… டொக்.” முன்னால கைப்பிடியப் போட்டு எஞ்சினச் சுத்திப் பாக்கலாம். ஆனா போன மாசம் அது திருப்பி அடிச்சதுல மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு.

மணி ஆறரை. அப்பளசாமி கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பின்னால வந்து நின்னாரு. “தள்ளவா அண்ணே?”

“தொடாத!”

மணி ஏழு. வேலம்மா பட்டுப் பொடவையோட, சீர் தட்டு, மல்லிப்பூ, பிள்ளைக்கு வாங்குன வெள்ளிக் கொலுசு எல்லாத்தையும் மடியில வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு மெதுவாச் சொன்னா. “ஏங்க, இன்னிக்கு ஒரு நாளு கிராணி காடியிலயே வரட்டுமே. அதுவும் சொகமாத்தான் இருக்கும். மெத்தை மாதிரி…”

சொல்லி முடிக்கல. காளியண்ணன் திரும்பிப் பாத்த பார்வையில அவ வாய் தானா மூடிக்கிச்சு.

“நீ போயி உள்ள உக்காரு. நான் எஞ்சினுகிட்ட நிக்கிறேன். நான் சொல்றப்ப ஒரு கையில சோக்க இழுத்துப் புடி, இன்னொரு கையில ஸ்டார்ட்டர இழு. எங்க கோளாறுன்னு நான் கண்ணால பாக்கணும்.”

வேலம்மா பட்டுப் பொடவைய ஒதுக்கிக்கிட்டு டிரைவர் சீட்டுல உக்காந்தா. இருபது வருசத்துல அந்த சீட்டுல அவ உக்காந்தது அதுதான் மொத தடவ.

“இழு!”

“ம்ம்… டொக்.”

“இன்னொரு தடவ! விடாத, இழுத்துப் புடி!”

“ம்ம்ம்ம்… ஐயோ!”ன்னு வேலம்மா கையை ஒதறுனா. “சுடுதுங்க!”

“என்னா சுடுது?”

“இந்த சோக்குக் கம்பி. நெருப்பு மாதிரி சுடுது.”

“ஒளறாத. இந்தக் குளிருல கம்பி எப்படிச் சுடும்?”

“நீங்களே வந்து தொட்டுப் பாருங்க. எனக்கென்ன பைத்தியமா?”

காளியண்ணன் போயி தொட்டாரு. தொட்ட வேகத்துலயே கையை எடுத்துக்கிட்டாரு. சுட்டுச்சு. சீட்டு முன்னாலேருந்து எஞ்சினு வரைக்கும் போற வெறும் இழுவைக் கம்பி அது. கரண்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அது ஏன் சுடணும்?

அப்படியே நின்னாரு. பனிக்குள்ள மூச்சு பொகையா போச்சு. லோரி ஓட்டுன முப்பது வருசம் மண்டைக்குள்ள மெதுவா சுத்துச்சு. கரண்டு எஞ்சினுக்குப் போனா பேட்டரிக்குத் திரும்பி வரணும். திரும்பி வர்றதுக்குன்னு ஒரு வழி இருக்கு. எஞ்சினுக்கும் காடி ஒடம்புக்கும் நடுவுல, சடை மாதிரிப் பின்னுன செம்பு வயரு. எர்த்து வயரு. பெரிய ரோட்ட அடச்சு வச்சா சனங்க ஒத்தையடிப் பாதையில முண்டியடிச்சுப் போவாங்கல்ல? அப்படித்தான், அந்த வயருல போக முடியாம கரண்டெல்லாம் சோக்குக் கம்பி வழியா முண்டியடிச்சுப் போவுது. எஞ்சினு சூடா இருந்தா லேசாச் சுத்தும், அந்தச் சின்ன வழியே போதும். குளுந்து கெட்டியா இருந்தா பத்தாது.

அப்ப பெரிய ரோட்ட அடச்சது யாரு?

காளியண்ணன் மண்ணுல மல்லாந்து படுத்து காடிக்கு அடியில போனாரு. டார்ச் லைட்டு அடிச்சாரு. சடை வயரு அங்கதான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் போல்ட்டு முறுக்கித்தான் இருந்துச்சு. என்ன, சடை சில்வரு. போல்ட்டு சில்வரு. வயரு வந்து ஒக்கார்ற எடம், அதுவும் சில்வரு. ஒண்ணுக்கு ரெண்டு கோட்டு. செம்பு இரும்பத் தொடவே இல்ல. நடுவுல பெயிண்ட்டுதான் உக்காந்திருக்கு.

அடியில டார்ச் லைட்டு அணைஞ்சுது.

“ஏங்க, இருக்கீங்களா?”ன்னு வேலம்மா கூப்புட்டா.

“கத்தி கொண்டா. உப்புத்தாளும் கொண்டா.”

சுரண்டுனாரு. ஈர மண்ணு முதுக நனைக்க, கண்ணுல சில்வர் தூளு விழ, செம்பு செவப்பா தெரியற வரைக்கும் சுரண்டுனாரு. கிராணி காடி பக்கத்துல மினுக்கணும்னு மூணு நாளு லீவு போட்டு அடிச்ச பெயிண்ட்ட, அரை மணி நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு சுரண்டுனாரு. போல்ட்ட முறுக்கிட்டு வெளியில வந்தாரு.

வேலம்மா மொதல்ல அவரு மூஞ்சியப் பாத்தா, அப்புறம் கையில இருந்த சில்வர் தூளப் பாத்தா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

“அப்ப கிராணி கண்ணு இல்லையா?”

காளியண்ணன் கையைச் சட்டையில தொடச்சாரு.

“அந்தப் பூசணிக்காயக் கறி வச்சிருந்தா ரெண்டு நாளைக்கு ஆகியிருக்கும்.”

“வாய மூடிக்கிட்டு குமிழ இழு.”

இழுத்தா. ஒரு முனகல் இல்ல, ஒரு ‘டொக்’ இல்ல. ‘விர்ரூம்’னு எழுந்துக்கிச்சு. பின்னால பம்பர்ல கை வச்சு நின்னுக்கிட்டிருந்த அப்பளசாமி ரெண்டடி பின்னால துள்ளி விழுந்தாரு.

மணி ஏழே முக்கா. சட்டைய மாத்திக்கிட்டு கெளம்புனாங்க. செரண்டா, ரவாங் தாண்டி, பத்தாங் பெர்ஜுந்தாய் ரோட்டுல திரும்பி, ரெண்டு பக்கமும் ரப்பர் மரமும் செம்பனையும் ஓட, காளியண்ணன் ஒரு எடத்துலயும் நிறுத்தல. வழியில ஒரு சாகா முந்திக்கிட்டுப் போச்சு. அதப் பாத்து, “போ, போ, எங்க போயிடுவ”ன்னு மொணகுனாரு. ஈஜோக் தாண்டி அசாம் ஜாவாவத் தொட்டு, கிராணி வீட்டு வாசல்ல போயி நின்னப்ப மணி ஒம்பது அம்பது.

வாசல்ல பாத்தது அவரு நெஞ்சுல மறுபடியும் நெருப்ப வச்சுச்சு. சாகா கழுவித் தொடச்சு, தலைய ரோட்டுப் பக்கம் திருப்பி, புறப்படத் தயாரா நின்னுச்சு. முன்னால ஒரு மல்லிகைச் சரம். பின் சீட்டுல பிள்ளைக்குச் சின்ன மெத்தை, சின்னத் தலகாணி. சிவானந்தம் வெள்ளச் சட்டை, காலுல சப்பாத்து, கையில காடிச் சாவி.

“வாங்க சம்மந்தி, வாங்க. நேரமாயிருச்சேன்னு பாத்தேன்”னாரு. அவரு குரல்ல சந்தோசமும் இருந்துச்சு, வேற ஏதோ ஒண்ணும் இருந்துச்சு. “வழியில ஏதாவது கோளாறா?”

“சேச்சே. காடிக்கென்ன, கல்லு மாதிரி”ன்னாரு காளியண்ணன்.

“எர்த்து வயருல பெயிண்ட்டு அடிச்சுட்டாருங்க”ன்னா வேலம்மா.

சிவானந்தம் சிரிக்கல. “நான் ஆயுத பூசையன்னிக்கே பாத்தேன். அந்த வயருக்கும் அடிச்சிருக்காரேன்னு நெனச்சேன். காடிக்காரரு அவரு, நம்மளவிட அவருக்குத் தெரியும்னு பேசாம இருந்துட்டேன்.”

காளியண்ணனுக்குப் பூமி பொளந்து உள்ள போயிடலாம்போல இருந்துச்சு.

உள்ள சடங்கெல்லாம் சுருக்கா முடிஞ்சுது. தட்டு மாத்துனாங்க, ஆரத்தி எடுத்தாங்க. வேலம்மா பிள்ளைக்குக் கொலுசு போட்டா. மணி பத்தே கால். பையெல்லாம் ஏத்தியாச்சு. ரமணியும் வேலம்மாவும் பின்னால ஏறுனாங்க. சேது மோட்டார் சைக்கிள ஒதைச்சான். காளியண்ணன் வேணும்னே எஞ்சின அணைச்சு வச்சிருந்தாரு. நிமிந்து உக்காந்து, கிராணிக்குக் கேக்கணும்னு கண்ணாடிய எறக்கி விட்டுட்டு, குமிழ இழுத்தாரு. ஒரே இழுப்பு. ‘விர்ரூம்!’ அந்தச் சத்தம் கிராணி வீட்டுக் கூரை வரைக்கும் போச்சு.

பிள்ளை மட்டும் இன்னும் வரல.

பாத்தா, சிவானந்தம் பேத்தியத் தோள்ல போட்டுக்கிட்டு வாசப்படியிலேருந்து வந்துக்கிட்டிருந்தாரு. பத்தடி தூரம். அந்தப் பத்தடிய அவரு நடக்கவே இல்ல. செம்பருத்திகிட்ட நின்னு, “இது பூ”ன்னாரு. கோழிகிட்ட நின்னு, “இது கோழி”ன்னாரு. சாகாகிட்ட வந்ததும் நின்னு ஒண்ணுமே சொல்லல. வேலம்மா கையை நீட்டுனா. அவரு பிள்ளையக் கொடுக்காம, அது கம்பளியச் சரி பண்ணுனாரு. சரியா இருந்த கம்பளியக் கலச்சுட்டு மறுபடியும் சரி பண்ணுனாரு.

“மாமா, ஒங்களுக்குத் தெரியுமா?”ன்னா ரமணி பின் சீட்டுலேருந்து. “எங்கப்பா நாலு மணிக்கே எழுந்து காடியக் கழுவுனாரு. ஒம்பதரை ஆச்சு, நீங்க வரல. ‘இனிமே வரமாட்டாங்க, அந்தக் காடி குளிருக்கு எழுந்திருக்காது’ன்னு சிரிச்சுக்கிட்டே சப்பாத்த மாட்டுனாரு. அப்புறம் ஒங்க ஹார்ன் சத்தம் கேட்டுச்சு. அவரு மூஞ்சியப் பாக்கணுமே!”

“சும்மா இரும்மா”ன்னாரு சிவானந்தம். கண்ணாடியக் கழட்டி சட்டையில தொடச்சாரு. ஒத்தக் கையில தொடச்சாரு. இன்னொரு கையில பிள்ளை.

காளியண்ணன் அவரையே பாத்தாரு. பொறாமைன்னா எப்படி இருக்கும்னு அவருக்கு நல்லாத் தெரியும். மூணு மாசமா அவரு முகம் கண்ணாடியில எப்படித் தெரிஞ்சுதோ, அப்படியே இருந்துச்சு கிராணி முகம். இன்னிக்குச் சாயந்தரத்துலேருந்து தெனம் பாக்கப் போறது காளியண்ணன். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம பாக்கப் போறது கிராணி. மணி பத்து இருபது. கை நீட்டிப் பிள்ளைய வாங்கி வேலம்மா மடியில போட்டுட்டுப் புறப்பட்டுடலாம். மூணு மாசமா காளியண்ணன் கேட்டது அதத்தான்.

காளியண்ணன் எட்டி, முன் சீட்டோட அந்தப் பக்கத்துக் கதவத் தொறந்து விட்டாரு. மூஞ்சிய மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டாரு.

“ஏறுங்க சம்மந்தி. மடியில வச்சுக்கிட்டே வாங்க. பத்தாங் பெர்ஜுந்தாய் பாலம் வரைக்கும்தான், அதுக்கு மேல ஒரு அடி கெடையாது. அங்கேருந்து நீங்க திரும்பி வர்றதுக்கு பஸ் இருக்கு.”